தீவில் டீலர் வேலை: சீட்டுப் போடும் கைக்குச் சம்பளம் தருவது யார்?

கோத்தா திங்கி – "தீவு ரிசார்ட்டில் போக்கர் டீலர் வேலை. அனுபவம் தேவையில்லை. விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும்." இப்படிப்பட்ட அறிவிப்புகள் வாட்சாப் குழுக்களிலும் டெலிகிராமிலும் சுற்றுவது புதிதல்ல. நீலக் கடல், பச்சை விரிப்பு போட்ட மேசை, கோட்டு போட்ட இளைஞர் என்று கூடவே ஒரு படமும் வரும். எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கைப்பேசியில் இது வந்து விழுந்தால், வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். "சூதாட்டக் கடையிலா வேலை?" என்பது அம்மாவின் கேள்வி. "மாசம் எவ்வளவு?" என்பது மற்றவர்களின் கேள்வி. மூன்றாவதாகக் கேட்க வேண்டிய ஒன்றைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அந்தச் சம்பளத்தை யார், எந்த உரிமத்தின் பேரில், எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்போகிறார்?

டீலர் என்பது ஒரே சொல்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இன்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பயிற்சி எடுத்து, அரசு உரிமம் பெற்று, கேமராவின் கீழ் நின்று செய்யும் ஒரு கைத்தொழில். மற்றொன்று, ஆளைக் கடத்துவதற்குப் போடும் தூண்டில். இரண்டும் ஒரே படத்தோடு, ஒரே வாசகத்தோடு வருவதுதான் சிக்கல்.

கோத்தா திங்கி மாவட்டம் இந்தத் தூண்டிலுக்கு ஏற்ற இடத்தில் அமைந்திருக்கிறது. செம்பனைத் தோட்டங்களும் ஃபெல்டா நிலத்திட்டங்களும் நிறைந்த பகுதி. நகரத்திலிருந்து ஜொகூர் பாரு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வேலை என்றால் தோட்டம், பாசீர் கூடாங் தொழிற்சாலை, பெங்கேராங் எண்ணெய் வளாகம், டெசாரு ஓட்டல்கள், இல்லையென்றால் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர். நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத இளைஞர் இங்கே இல்லை. கடல் தாண்டிய சம்பளம் என்றாலே பெரிய சம்பளம் என்ற நினைப்பும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

கோத்தா திங்கிக்கு மிக அருகில் உள்ள கேசினோத் தீவு கரீபியக் கடலில் இல்லை. செந்தோசாவில் இருக்கிறது. சிங்கப்பூர் அரசாங்கம் 2005 ஏப்ரலில் கேசினோக்களுக்கு அனுமதி தர முடிவெடுத்தது. செந்தோசாவில் ரிசார்ட்ஸ் வேர்ல்டு கேசினோ 2010 பிப்ரவரி 14ஆம் தேதி திறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மரினா பே சேண்ட்ஸ் திறந்தது. இந்த மேசைகளுக்குப் பின்னால் மலேசியர்களும் நிற்கிறார்கள். ஆக, ஜொகூர் குடும்பங்களுக்கு டீலர் வேலை அந்நியமான ஒன்றல்ல. வெளியில் சொல்லிக்கொள்ளத்தான் தயக்கம்.

கையும் கணக்கும்

அந்த வேலை உண்மையில் என்ன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின இரவு அஞ்சடியில் உட்கார்ந்து சீட்டுப் போடத் தெரிந்தவருக்கெல்லாம் இது வந்துவிடும் என்று நினைத்தால் தவறு.

பிளாக்ஜாக்கிலும் பக்காராவிலும் ஆட்டக்காரர் தோற்றால் பணம் கேசினோவுக்குப் போகும். போக்கர் அப்படியல்ல. அங்கே ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்கிறார்கள். நடத்துகிற இடம் கட்டணம் மட்டும் எடுத்துக்கொள்ளும். டீலர் யாருக்கும் எதிரி இல்லை, யாருக்கும் கூட்டாளியும் இல்லை. ஐம்பத்திரண்டு சீட்டையும் மேசை மேல் பரப்பிக் கலைத்து, கட்டாகச் சேர்த்து, குலுக்கி, வெட்டி, ஆளுக்கு இரண்டு கொடுக்க வேண்டும். பிறகு மேல் சீட்டு ஒன்றை யாருக்கும் காட்டாமல் ஒதுக்கிவிட்டு நடுவில் மூன்று சீட்டு. இன்னொன்றை ஒதுக்கி ஒன்று. மறுபடி ஒதுக்கி ஒன்று. ஒரு சீட்டு தவறுதலாகத் திரும்பிவிட்டால்கூட அதற்கென்று விதி இருக்கிறது. மேசையை விட்டு எழும்போது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். தலைக்கு மேல் கேமரா.

கஷ்டம் கையில் மட்டுமல்ல, கணக்கிலும் இருக்கிறது. மூன்று பேர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் மிச்சம் இருந்தது 2,000தான். முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டார். மற்ற இருவரும் ஆளுக்கு 5,000 வைத்தார்கள். நடுவில் இப்போது 12,000 இருக்கிறது. 2,000 வைத்தவர் ஜெயித்தால் அத்தனையும் அவருக்கா? இல்லை. ஆளுக்கு 2,000 வீதம் வந்த 6,000 மட்டுமே அவர் எடுக்கக்கூடிய குவியல். மற்ற இருவரும் கூடுதலாக வைத்த 3,000 வீதம் 6,000 தனிக் குவியல். அது அந்த இருவருக்குள் தீர வேண்டியது. இதையே ஐந்து பேர் ஐந்து வேறு தொகைகள் வைத்த நிலையில், பக்கத்தில் ஒருவர் பொறுமை இழந்து சில்லுகளைத் தட்டிக்கொண்டிருக்க, சில நொடிகளில் சரியாகப் பிரிக்க வேண்டும். பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு இது பிடித்துப்போகக்கூடிய வேலைதான்.

"அனுபவம் தேவையில்லை" என்ற வரி அதனால்தான் சந்தேகத்துக்குரியது. ஒழுங்கான கேசினோ புதியவரை எடுத்தால் தன் செலவில் வாரக்கணக்கில் பயிற்சி கொடுக்கும். அதற்கு முன் கணக்குத் தேர்வும் வைக்கும். பயிற்சி, உரிமம் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் நேரே விமான டிக்கெட்டைப் பற்றிப் பேசும் நிறுவனத்துக்கு, சீட்டுப் போடத் தெரிந்த ஆள் தேவைப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அரை மணி நேரக் கூலி

தீவுப் போட்டிகள் பொய்யல்ல. உலகப் போக்கர் தொடர் என்று சொல்லப்படும் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் 1970இல் லாஸ் வேகாஸில் தொடங்கியது. அதன் தீவுப் பதிப்பு 2023 டிசம்பரில் பஹாமாஸ் நாட்டின் பாரடைஸ் தீவில், அட்லாண்டிஸ் ரிசார்ட்டில் ஆரம்பமானது. 2024 டிசம்பரில் அங்கு நடந்த முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 25,000 அமெரிக்க டாலர். உத்தரவாதப் பரிசுத் தொகை 5 கோடி டாலர். பெரும்பணக்காரர்கள் ஆடும் ட்ரைட்டன் தொடரைத் தொடங்கியவர்கள் மலேசியத் தொழிலதிபர்களான ரிச்சர்ட் யோங், பால் புவா. 2019இல் லண்டனில் அந்தத் தொடர் நடத்திய ஒரு போட்டியில் உட்காரவே ஒருவருக்கு 10 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. அதில் 50 ஆயிரம் அறக்கொடை.

அந்த மேசையிலும் சீட்டுப் போட ஒருவர் வேண்டும். அவருடைய கூலி மேசையில் இருக்கும் பணத்தைப் பொறுத்ததல்ல. போட்டி டீலர்களுக்குப் பல இடங்களில் மாதச் சம்பளம் கிடையாது. ஒரு மேசையில் ஏறக்குறைய அரை மணி நேரம் சீட்டுப் போட்டால் ஒரு சுற்று. அத்தனை சுற்றுக்கு இத்தனை என்று கணக்கு. சுற்று முடிந்ததும் தோளைத் தொட்டு அடுத்தவர் வருவார், இவர் பக்கத்து மேசைக்கு நகர்வார். முதல் நாளில் நூறு மேசை இருந்தால் எல்லாருக்கும் வேலை. ஆட்டக்காரர்கள் தோற்று வெளியேற வெளியேற மேசைகள் குறையும். கடைசி நாளில் ஒரே மேசை. அன்றைக்கு மிச்ச டீலர்களுக்குக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அந்த நாளின் அறை வாடகை யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய முதல் வரிகளில் ஒன்று.

டிப்ஸ் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் டீலரின் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். ஆஸ்திரேலியக் கேசினோக்களில் டீலர் டிப்ஸ் வாங்கக் கூடாது. சில போட்டிகளில் பரிசுத் தொகையிலிருந்தே ஒரு சிறு விழுக்காடு ஊழியர்களுக்கு ஒதுக்கப்படும். "டிப்ஸே ஆயிரக்கணக்கில் வரும்" என்று யாராவது சொன்னால், எந்த நாட்டில் என்று கேட்க வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பஹாமாஸ் குடிமக்கள் தங்கள் நாட்டுக் கேசினோவில் சூதாட முடியாது, சட்டம் இடம் தராது. வேலை செய்யலாம். தென்கொரியக் குடிமக்களுக்கு அந்நாட்டில் அனுமதிக்கப்பட்ட கேசினோ ஒன்றே ஒன்று. ஜேஜு தீவின் பளபளப்பான கேசினோக்கள் எல்லாம் வெளிநாட்டவருக்கு. சிங்கப்பூர் தன் குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் ஒரு நாள் நுழைவுக்கு 150 வெள்ளி வாங்குகிறது. இலங்கையும் தன் மக்களிடம் நுழைவு வரி வாங்குகிறது. அங்கே 2025 ஆகஸ்டில் கொழும்பில் சிட்டி ஆஃப் டிரீம்ஸ் கேசினோ திறந்திருக்கிறது. கெந்திங் மலையில் முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. சூதாட்டம் தன் மக்களைக் கெடுக்கும் என்று ஒவ்வோர் அரசுக்கும் தெரிந்தே இருக்கிறது. வருமானத்தையும் வேலைகளையும் மட்டும் விட மனம் இல்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

சிங்கப்பூரில் கேசினோ ஆட்டங்களில் பணியாற்றுபவர்கள் சிறப்பு ஊழியர் உரிமம் பெற வேண்டும். சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் அதை வழங்குகிறது. பின்னணியை ஆராய்வார்கள், கடன், குற்றப் பதிவு எல்லாம் வெளிவரும். கெடுபிடிதான். ஆனால் அந்தக் கெடுபிடியே ஊழியருக்குப் பாதுகாப்பு. வேலை அனுமதி இருக்கிறது, மனிதவள அமைச்சு இருக்கிறது, சம்பளம் வராவிட்டால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது.

அங்கேயும் ஒரு குறையைப் பேசியாக வேண்டும். மத்திய சேமநிதி சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதியில் போகும் மலேசியருக்கு அது கிடையாது. இங்கே ஊழியர் சேமநிதி வாரியத்தில் முதலாளி பங்கும் ஏறாது. இருபத்திரண்டு வயதில் போய் முப்பத்தைந்து வயதில் மணிக்கட்டு வலியோடும் இடுப்பு வலியோடும் திரும்பும் ஒருவரின் சேமநிதிக் கணக்கு, தோட்டத்திலேயே இருந்துவிட்ட அண்ணனுடையதைவிட மெலிந்திருக்கக்கூடும். சுய விருப்பத்தில் மாதந்தோறும் சேமநிதியில் கட்ட வழி இருக்கிறது. மூன்று மடங்கு சம்பளம் பற்றிப் பேசும் வீடுகளில் இந்தப் பேச்சு எழுவதில்லை. தீவுக்குத் தீவு போகும் போட்டி டீலருக்கு நிலைமை இன்னும் மோசம். பத்து நாள் ஒப்பந்தத்துக்குச் சேமநிதியும் இல்லை, சொக்சோவும் இல்லை.

பொய் எங்கே தெரியும்

ஊர்ப் பெயரை வைத்தே சில அறிவிப்புகளைப் பொய் என்று தள்ளிவிடலாம். மக்காவ் டீலர் வேலை என்று மலேசியருக்கு ஆள் எடுத்தால் அது பொய். மக்காவில் அந்த வேலை உள்ளூர்வாசிகளுக்கே என்பது அந்த அரசின் நீண்டகாலக் கொள்கை. தாய்லாந்து கேசினோ என்றாலும் பொய். அங்கே கேசினோவைச் சட்டபூர்வமாக்கும் மசோதா 2025 ஜூலையில் நாடாளுமன்றத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பிலிப்பைன்ஸில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கான இணையச் சூதாட்ட நிறுவனங்களை மூடும்படி அதிபர் மார்க்கோஸ் 2024 ஜூலையில் உத்தரவிட்டார். அந்த ஆண்டு இறுதி வரைதான் அவகாசம்.

கம்போடியாவின் சிஹானூக்வில் கதையை ஜொகூர்ப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கடற்கரை ஊர், சுற்றிலும் அழகான தீவுகள். கேசினோக்கள் காளான் மாதிரி முளைத்தன. 2019 ஆகஸ்டில் ஹுன் சென் அரசு இணையச் சூதாட்டத்துக்குத் தடை அறிவித்தது. பிறகு கோவிட் வந்தது. கட்டடங்கள் இருந்தன, வாடிக்கையாளர் இல்லை. அந்தக் கட்டடங்களில் பல இணைய மோசடிக் கூடங்களாக மாறின. டீலர் என்றும் வாடிக்கையாளர் சேவை என்றும் சொல்லி அழைத்துவரப்பட்டவர்கள் கைப்பேசி முன் உட்காரவைக்கப்பட்டு, முகம் தெரியாதவர்களை ஏமாற்றக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று மதிப்பிட்டது. மீட்கப்பட்டவர்களில் மலேசியர்களும் இருந்தார்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து, எல்லைக்கு அப்பால் உள்ள மியன்மார் ஊர்களுக்கு மின்சாரத்தை வெட்டிய பிறகு ஆயிரக்கணக்கானோர் அந்தக் கூடங்களிலிருந்து வெளியே வந்தார்கள்.

தோட்டத் தமிழருக்கு இதன் வடிவம் பழக்கமானதாகத் தோன்றினால் வியப்பில்லை. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்ட பிறகும், கங்காணி ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களிடமே பேசி ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார். 1938இல் இந்திய அரசு தடுத்த பிறகுதான் அந்த வழி அடைபட்டது. இன்றைய ஏஜெண்டும் பெரும்பாலும் முகம் தெரியாதவர் அல்ல. கூடப் படித்தவன், முன்பு போன நண்பன், உறவுக்காரப் பையன். அவனே அங்கே சிக்கிக்கொண்டு, ஆள் பிடித்துக் கொடுத்தால் விடுதலை என்ற நிபந்தனையில் பேசிக்கொண்டிருக்கலாம். நம்பிக்கை இருக்கும் இடத்தில் காகிதம் கேட்கக் கூச்சப்படுவது நம்மவர்களின் பழைய பலவீனம்.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. மலேசியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவருக்கு 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அதைத் தொழிலாளர் துறையில் சரிபார்க்கலாம். அடுத்தவர் கடப்பிதழைக் காரணமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 2007ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தில் "அவன் சம்மதித்துத்தானே வந்தான்" என்ற வாதம் எடுபடாது. போலீசில் புகார் கொடுக்க வெட்கப்படும் குடும்பங்கள் இந்தக் கடைசி வரியை மனத்தில் வைக்க வேண்டும். பிள்ளை சூதாட்ட வேலைக்குப் போனான் என்பது குற்றமல்ல. அவன் ஏமாற்றப்பட்டான் என்பதுதான் குற்றம். அதைச் செய்தவர் வேறு.

உள்ளூர் வலை ஒன்றும் உண்டு. கடைவீட்டு மாடியில் நண்பர்கள் நடத்தும் போக்கர் "கிளப்"பில் சீட்டுப் போட்டுப் பழகலாம் என்று அழைப்பு வரும். 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டக் கூடச் சட்டம், ஆடுபவரை மட்டுமல்ல, நடத்த உதவுபவரையும் பிடிக்கும். அங்கே வாங்கும் ஒரு தண்டனைப் பதிவு, பிற்பாடு செந்தோசாவில் கேட்கும் உரிமத்துக்கே உலை வைத்துவிடும்.

டெசாருவில் வருமா?

இந்த வேலை இங்கேயே வந்தால் என்ன என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. 2024 ஏப்ரலில், ஃபாரஸ்ட் சிட்டியில் கேசினோ திறப்பது பற்றிப் பேச்சு நடந்ததாக புளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. பிரதமர் அன்வார் இப்ராஹிம் அதைப் பொய் என்றார். பெயர் அடிபட்ட பெர்ஜாயா, கெந்திங் நிறுவனங்களும் மறுத்தன. 2025 ஜனவரி 7ஆம் தேதி கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் கோத்தா திங்கி மாவட்டத்தின் டெசாருவும் பெங்கேராங்கும் இடம்பெற்றிருக்கின்றன. டெசாருவுக்கு அதில் சுற்றுலாதான் பங்கு. ஓட்டல், கோல்ஃப், நீர்ப்பூங்கா, மாநாட்டு மண்டபம். கெந்திங்கைத் தவிர வேறு எங்கும் கேசினோ இல்லாத ஒரு நாட்டில், அதுவும் ஜொகூரில், பச்சை மேசை வரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. டெசாரு ஓட்டல்களில் வரவேற்பு மேசையிலும் விருந்து மண்டபத்திலும் வேலைக்குச் சேரும் பிள்ளை, வெளிநாட்டவரோடு பழகும் முறையையும் ஷிஃப்ட் வாழ்க்கையையும் சேமநிதியோடு கற்றுக்கொள்கிறது. செந்தோசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும்.

மிச்சம் இருப்பது அம்மாவின் கேள்வி. அதை அலட்சியப்படுத்த முடியாது. திருக்குறளில் 94ஆவது அதிகாரம் முழுவதும் சூது பற்றியது. ஆடுகிறவன் எப்படி அழிகிறான் என்று பத்துக் குறளில் சொல்லிவிட்டார் வள்ளுவர். சூதாடும் களமும் அதில் வருகிறது. அந்தக் களத்தில் கூலிக்கு நின்றவரைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனால் பத்து மணி நேரம் எதிரே உட்கார்ந்து ஒருவர் வீட்டுக்கடன் காசைத் தோற்பதைப் பார்ப்பதற்கும் ஒரு மனம் வேண்டும். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஓராண்டில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். சிலர் அதைப் பார்த்தே வாழ்நாளில் ஒரு நம்பர்கூட எடுக்காமல் இருப்பார்கள். சம்பள நாளில் தோட்டத்துக் கடையில் நம்பர் எழுதிவிட்டு வரும் மாமாவே "சூதாட்டக் கடையிலா வேலை?" என்று முகம் சுளிப்பதும் நடக்கிறது.

2026 இறுதியில் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஆர்.டி.எஸ். ரயில் ஓடத் தொடங்க வேண்டும் என்பது திட்டம். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும். கோத்தா திங்கியிலிருந்து செந்தோசா இன்னும் கிட்டே வரும். அந்த வழியில் போகும் பிள்ளையின் கையில் வேலை அனுமதி இருக்கும். மற்ற வழியில் போகிறவருக்கு ஏஜெண்டு வேறொன்றைச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்: "இமிகிரேஷனில் கேட்டால் ஹாலிடே என்று சொல்." கே.எல்.ஐ.ஏ.வில் வரிசையில் நிற்கும்போது அந்த வாசகம் மனத்தில் ஓடினால், திரும்பி வீட்டுக்கு வர அதுவரை நேரம் இருக்கிறது. முத்திரை விழுந்த பிறகு, வேலை செய்ய வந்தேன் என்று நிரூபிக்க அவர் கையில் ஒரு காகிதமும் இருக்காது.